வயது போக மீதி

ஃபிளாக்ஸ்டாஃபில் மே மாத வெயிலுக்கு ஒரு வாசனை உண்டு.
பொண்டரோசா பைனின் பட்டை வெடிப்பில் மூக்கை வைத்தால்
வெனிலா. பட்டர்ஸ்காட்ச் என்பவர்களும் இருக்கிறார்கள்.
லொரிண்டா சோஸி எந்தக் கட்சியிலும் இல்லை,
துளைகருவிக்குத் தேன்மெழுகு தடவிக்கொண்டிருப்பாள்.

நெஞ்சுயரத்தில் வைத்துத் திருக வேண்டும்.
முதல் இரண்டு அங்குலம் மரம் இடம் கொடுக்கும்.
பிறகு, எண்ணெய் காணாத கீல் போல
ஒரு கீச்சு. தோள் வரைக்கும் ஏறும்.
வெளியே வருவது பென்சிலைவிட மெலிந்த குச்சி,
அதற்குள் இருநூற்றுச் சொச்சம் வருடங்கள்.
உறிஞ்சுகுழாயில் இட்டு, இரண்டு முனையையும் டேப்பால் மூடி,
எழுதுகிறேன்: மரம் 17, மேற்கு.

ஆய்வகத்தில் உப்புத்தாள். நானூறு, அறுநூறு, எண்ணூறு.
தேய்க்கத் தேய்க்க
வெளுத்த வசந்தமும் கறுத்த இலையுதிர்காலமும்
நுண்ணோக்கிக்கு அடியில் வந்து உட்காரும்.

மையத்தை ஒட்டிய வளையங்கள் தாராளமாய் இருக்கும்.
பார்த்தவுடன்
அந்தக் காலத்தில் நல்ல மழை என்று சொல்லிவிடக் கூடாது.
கன்றாக இருந்தது, அவ்வளவுதான்.
அதே கரண்டி மாவு.
கல் அகன்றுகொண்டே போனால்
தோசை மெலியாமல் என்ன செய்யும்?
ஆகவே கணினி ஒரு வளைகோடு இழுக்கிறது:
இந்த வயதில் இந்த மரம் இவ்வளவு போட்டிருக்கும்.
அளந்ததை அதனால் வகுக்கிறேன்.
ஒன்றுக்கு மேலே வந்தால் நனைந்த வருடம்,
கீழே வந்தால் காய்ந்தது.
வயது போக மீதிதான் வானம்.

அரிசோனாவிலும் பருவமழை உண்டு,
மதுரைக்குப் போன் செய்து சொன்னால் சிரிக்கிறார்கள்.
உருகிய பனியின் ஈரம் ஜூனில் தீர்ந்துவிடும்.
இந்த வருடத்துக்குப் போதும் என்று
மரம் கறுப்பாய் ஒரு கோடு போட்டுக் கடையைக் கட்டும்.
ஜூலையில் இடி.
மலைக்கு அந்தப் பக்கமிருந்து கருத்துக்கொண்டு வரும் மதியங்கள்.
கட்டிய கடையைத் திறந்து மறுபடி வெளுத்த செல்கள்.
அந்தக் கோட்டையும் எண்ணினால்
மரத்துக்கு இல்லாத ஒரு வயது கூடிவிடும்.
பொய்க்கோடு இருபுறமும் கரைந்திருக்கும்,
நிஜத்துக்கு ஒரு பக்கமாவது விளிம்பு இருக்கும்.

மரம் 17-இல் வேறு வழக்கு. ஒரு வருடம் குறைந்தது.
மூன்று முறை எண்ணினேன், இருநூற்றுப் பதினொன்று.
பக்கத்து மரங்கள் எல்லாம் பன்னிரண்டு என்கின்றன.
லொரிண்டா தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:
"இரண்டாயிரத்து இரண்டைப் பார்.
அந்த வருடம்தான் அப்பா ஆடுகளை விற்றார்,
குடிதண்ணீர் லாரிக்குப் பணம் வேண்டியிருந்தது."
பார்த்தேன். ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில்
நகம் நுழையாத இடம்.
எதிர்ப்பக்கத்துக் குச்சியை எடுத்துத் தேய்த்தாள்.
இருந்தது.
இரண்டே செல் அகலத்தில், ஒரு பெருமூச்சுக்கும் காணாது.
மேற்கில் எழுதாததை மரம்
கிழக்கில் எழுதி வைத்திருந்தது.

போன வாரம் மணிக்கட்டு வீங்கியது.
மருத்துவர் எலும்புப் படத்தைத் திரையில் காட்டினார்,
பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டைகள்,
சரிந்து இறங்கும் ஒரு வளைகோடு,
அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும் புள்ளி நான்.
"உங்கள் வயதுக்கு இது சரிதான்."
ஐம்பத்து நான்கால் என்னை வகுத்துவிட்டார்.
விடை, ஒன்று.
அப்படியானால் எனக்குக் காய்ந்த வருடமே இல்லை.
வாசலில் நின்று இதை யோசித்துச் சிரித்தேன்,
கார் சாவியைத் தேடியபடி.
பாவம், ஒரு பக்கம்தான் பார்த்திருக்கிறார்.

இன்று மணிக்கட்டில் இறுகக் கட்டு.
மரம் 18.
கிழக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன்,
இடது கையால்.